சிற்றாற்றின் அடியில் யாரும் அளக்காத இடங்கள்

2024 மே 17. கோடை விடுமுறை நேரம். பழைய குற்றாலம் அருவியில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் சில நொடிகளில் வெள்ளம் பாய்ந்தது. படிகளில் சிதறி ஓடியவர்களின் செல்போன் காட்சிகளை அன்று இரவே தமிழகம் முழுவதும் பார்த்தது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

ஒவ்வொரு முறையும் எழும் கேள்விதான் அப்போதும் எழுந்தது. முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மலையில் எவ்வளவு மழை பெய்தது, அது அருவிக்கு எத்தனை நிமிடத்தில் வரும் என்பது முதல் கேள்வி. அருவியடியில் நிற்பவரைக் காப்பாற்ற அதற்குத்தான் பதில் வேண்டும். மலைமேல் மழைமானியும் கீழே ஓர் அபாயச் சங்கும் அங்கே செய்யக்கூடியதை வேறெந்தக் கணினியும் செய்துவிடாது. பேரருவியில் ‘ஆர்ச்’சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை என்பது ஊருக்கே தெரிந்த அளவுகோல். அதுவும் ஒரு வெள்ள எச்சரிக்கைதான்.

இரண்டாவது கேள்வியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அருவியில் விழுந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. பழைய குற்றாலத்துத் தண்ணீர் அழுதகண்ணியாறாகவும், பேரருவித் தண்ணீர் சிற்றாறாகவும் ஓடுகிறது. ஐந்தருவியில் இருந்தும் ஓர் ஆறு வந்து சேர்கிறது. தென்காசியைக் கடந்து, வழியில் அனுமன் நதியையும் சேர்த்துக்கொண்டு, கங்கைகொண்டான் பக்கமாகப் போய், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது சிற்றாறு. இந்த வழியில் எந்தத் தெருவுக்குள், எந்த வயலுக்குள், எத்தனை மணிக்கு, எத்தனை அடி தண்ணீர் ஏறும்?

அதைச் சொல்ல ஆற்றின் கணினி மாதிரி வேண்டும். மாதிரிக்கு முதலில் ஆற்றின் அடி, அதாவது படுகை, எங்கெங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது தெரியாது. அளந்த இடங்களை வைத்து அளக்காத இடங்களைக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். அந்த நிரப்பும் வேலையைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஸ்டாஃப் பிடிக்கிறவர் நனைய வேண்டும்

‘விண்ணிலிருந்து எல்லாவற்றையும் அளக்கிறார்களே, ஆற்றை அளக்க முடியாதா?’ என்று கேட்கலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ராடார் மூலம் உலகத்தின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்து வந்தது. இஸ்ரோ 2005-இல் அனுப்பிய கார்ட்டோசாட்-1 படங்களில் இருந்தும் இந்தியாவின் உயர வரைபடம் செய்தார்கள். மலையும் வயலும் அவற்றில் நன்றாகத் தெரியும். ஆனால் ஆற்றில் தண்ணீர் இருந்தால் அவை காட்டுவது தண்ணீரின் மேல்மட்டத்தை, அடியை அல்ல. போதாக்குறைக்கு எண்டெவர் கணக்கில் ஒரு கட்டம் என்பது சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர். சிற்றாறு மாதிரியான ஓர் ஆறு பல இடங்களில் ஓரிரு கட்டத்துக்குள் அடங்கிப் போகும்.

ஆகவே மனிதர்தான் இறங்க வேண்டும். கரையிலிருந்து கரைக்கு, நீரோட்டத்துக்குக் குறுக்கே, ஒரு கோடு பிடிக்கிறார்கள். இதன் பெயர் குறுக்குவெட்டு. பக்கத்தில் உயரம் தெரிந்த ஒரு பெஞ்ச் மார்க்கில் இருந்து கணக்கு ஆரம்பிக்கும். கரையில் ஒருவர் கருவியோடு நிற்பார். இன்னொருவர் அளவுகள் குறித்த நீளமான ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு கோட்டின் மேலேயே நடந்து, இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு முறை அதை நட்டுப் பிடிப்பார். கரைமேடு, சரிவு, மணல், பாறை, ஆழமான தடம், மறுகரை என்று ஒவ்வொன்றின் மட்டமும் பதிவாகும். இப்போது ஸ்டாஃபுக்குப் பதில் செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கம்பம் வந்துவிட்டது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்குகிறவர் மாறவில்லை.

ஒரு கோடு முடிந்ததும் 100 மீட்டரோ 200 மீட்டரோ தள்ளி அடுத்த கோடு. சில திட்டங்களில் அரை கிலோமீட்டர்கூடத் தள்ளிப்போகும். பணம், நேரம், ஆள், கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம், தண்ணீரை மூடிக் கிடக்கும் அமலைச்செடி என்று காரணங்கள் நிறைய. ஆற்றின் முழு நீளத்தில் உண்மையில் ஸ்டாஃப் பட்ட இடம் மிகமிகக் கொஞ்சம்.

கொத்தனார் கட்டும் நூல்

பிளஸ் டூவில் வணிகக் கணிதம் எடுத்தவர்களுக்கு ‘இடைச்செருகல்’ என்ற பாடம் நினைவிருக்கலாம். இரண்டு ஆண்டுகளின் மக்கள்தொகையைக் கொடுத்து, நடுவில் உள்ள ஆண்டுக்குக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஆற்றிலும் அதே கணக்குதான். மேலே ஒரு கோட்டில் படுகை 120 மீட்டர் மட்டத்தில் இருக்கிறது, கீழே 200 மீட்டர் தள்ளி 118 மீட்டரில் இருக்கிறது என்றால், நடுவில் 119 என்று எழுதிக்கொள்ளலாம்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நெதர்லாந்தில் நிக்கோலாஸ் குருக்கியஸ் என்ற நில அளவையாளர் 1730-ஐ ஒட்டி மெர்வேட ஆற்றுக்கு ஒரு வரைபடம் போட்டார். அங்கங்கே ஆழம் பார்த்த எண்களை வைத்து, ஒரே ஆழமுள்ள இடங்களை இணைத்துக் கோடு இழுத்தார். எண்ணும் எண்ணும் நடுவே அவர் இழுத்த கோடு ஒரு யூகம்தான். இன்று அதே யூகத்தைக் கணினி செய்கிறது.

உலகம் முழுவதும் பொறியாளர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆற்று மென்பொருள்களில் ஒன்று ‘ஹெக்-ராஸ்’. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் 1995-இல் வெளியிட்டது. இலவசம் என்பதால் நம் கல்லூரிகளிலும் இதைத்தான் அதிகம் படிக்கிறார்கள். இரண்டு குறுக்குவெட்டுகளுக்கு நடுவே புதிய வெட்டுகளை உருவாக்க அது செய்வது கொத்தனார் வேலை. இந்தச் சுவர் முனையில் இருந்து அந்தச் சுவர் முனைக்கு நூல் கட்டி அதன்படி கல் அடுக்குவாரே, அப்படி. மேல் வெட்டின் இடது ஓரத்தைக் கீழ் வெட்டின் இடது ஓரத்தோடு ஒரு நூலால் இணைக்கும். இடது கரைக்கு ஒன்று, படுகையின் மிக ஆழமான புள்ளிக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று, வலது ஓரத்துக்கு ஒன்று. மொத்தம் ஐந்து நூல். மீதிப் புள்ளிகள் எல்லாம் இந்த ஐந்துக்கும் நடுவே அடங்கும். தேவைப்பட்டால் கூடுதல் நூலை நாமே கட்டலாம்.

எதற்கு இத்தனை நூல்? இடது கரையில் இருந்து மீட்டர் மீட்டராக எண்ணி நேருக்கு நேர் சராசரி எடுத்தால் போதாதா?

ஒரு சின்னக் கணக்கு. ஆறு 20 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மேல் கோட்டில் ஆழமான தடம் இடது கரையில் இருந்து 5 மீட்டரில் இருக்கிறது. அங்கே 3 மீட்டர் ஆழம், மற்ற இடமெல்லாம் 1 மீட்டர். ஆறு வளைந்து போவதால் கீழ்க் கோட்டில் தடம் 15 மீட்டருக்கு நகர்ந்துவிட்டது. அங்கேயும் 3 மீட்டர் ஆழம். நேருக்கு நேர் சராசரி எடுத்தால் நடுவில் என்ன கிடைக்கும்? 5-ஆவது மீட்டரில் 2 மீட்டர் ஆழம், 15-ஆவது மீட்டரில் 2 மீட்டர் ஆழம், 10-ஆவது மீட்டரில் வெறும் 1 மீட்டர். அதாவது இரண்டு ஆழமில்லாத பள்ளமும் நடுவே ஒரு மேடும். இப்படி ஓர் ஆறு கிடையாது. உண்மையில் தடம் ஒரு கரையில் இருந்து மறுகரைக்குக் குறுக்கே போகிறது. நடுவில், அந்த 10-ஆவது மீட்டரில்தான், 3 மீட்டர் ஆழம் இருக்கும். கணக்கு ‘இடுப்பளவு’ என்று சொன்ன இடத்தில் ஆள் மூழ்கும் ஆழம்.

ஆழத்தை ஆழத்தோடு இணைக்கும் நூல் இந்தத் தப்பைத் தடுக்கிறது. ஆனால் அதுவும் கண்மூடித்தனமானது. மணல் அள்ளிய குழி ஒன்று கரையோரமாக இருந்து, குறுக்குவெட்டு தற்செயலாக அதன் மேலேயே விழுந்துவிட்டால், அந்த வெட்டின் மிக ஆழமான புள்ளி குழிதான். மென்பொருள் சமர்த்தாக ஆற்றின் தடத்தைக் குழிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இது தடமா, குழியா என்பது களத்துக்குப் போனவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆற்றைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரிகளில் சிக்கல் வேறு மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘அருகில் உள்ள புள்ளி எது?’ என்று காக்கை பறக்கும் தூரத்தைப் பார்த்தால், வளைவில் கணக்கு கரையைத் தாண்டிக் குதித்து, ஆற்றின் இன்னொரு பகுதிப் புள்ளியைப் பிடித்துக்கொள்ளும். புள்ளிகள் குறுக்கே நெருக்கமாகவும் நெடுகே தூரமாகவும் இருப்பதால், அளந்த கோடுகள் மேடு மேடாகத் தெரியும் படுகை ஒன்று உருவாகும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. வளைந்து கிடக்கும் நாடாவை இழுத்து நேராக்குவதுபோல, கணக்கில் ஆற்றை நேராக்கிவிடுகிறார்கள். ‘எவ்வளவு தூரம் ஓடி வந்தது, நடுவிலிருந்து எவ்வளவு விலகியது’ என்ற இரண்டே எண்களில் ஒவ்வொரு புள்ளியையும் எழுதி, நடுவே நிரப்பி, பிறகு நாடாவைப் பழையபடி வளைத்து வைக்கிறார்கள். ஓர் இடத்துப் படுகை எதிர்க்கரையைவிட, தனக்கு மேலும் கீழும் உள்ள படுகையைத்தான் அதிகம் ஒத்திருக்கும். இந்த எளிய உண்மைதான் இந்த முறைக்கு அடிப்படை.

மலையடியில் 30 மீட்டர், சமவெளியில் 300

சரி, கோடுகளை எவ்வளவு நெருக்கமாகப் போட வேண்டும்? இதற்கு பி. ஜி. சாமுவேல்ஸ் என்ற பொறியாளர் 1989-இல் ஒரு கைக்கணக்கு கொடுத்தார். கரை ததும்ப ஓடும்போது உள்ள ஆழத்தை 0.15-ஆல் பெருக்கி, ஆற்றின் சரிவால் வகுத்தால் வருவதைவிட இடைவெளி அதிகமாகக் கூடாது.

ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் ஆற்றில் இடைவெளி 30 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் மட்டும் இறங்கும் ஆற்றில் 300 மீட்டர்.

சிற்றாறு இந்த இரண்டு குணமும் உள்ள ஆறு. குற்றாலத்து மலையடியில் பாறைக்குப் பாறை தாவி இறங்குகிறது. தென்காசியைத் தாண்டினால் வயலும் குளமுமாகத் தரை படுத்துவிடுகிறது. முழு ஆற்றுக்கும் ‘200 மீட்டருக்கு ஒரு கோடு’ என்று ஒரே அளவில் டெண்டர் விட்டால், கீழே பணம் வீண். மேலே கோடு போதாது.

அப்படிப் போதாமல் போகும்போது ஹெக்-ராஸ் சும்மா இருக்காது. ஒரு வெட்டின் நீர் கடத்தும் திறனை அடுத்த வெட்டோடு ஒப்பிட்டு, விகிதம் 0.7-க்குக் குறைந்தாலோ 1.4-ஐத் தாண்டினாலோ, ‘நடுவில் இன்னும் வெட்டுகள் வேண்டியிருக்கலாம்’ என்று எச்சரிக்கும். அங்கேதான் ஒரு சபலம் வருகிறது. இடைச்செருகல் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் நடுவே பத்து வெட்டுகள் முளைக்கும், எச்சரிக்கை மறைந்துவிடும், கணக்கும் தடையில்லாமல் ஓடும். கணக்கு ஓடுவதற்காக அப்படிச் செய்வதில் தவறே இல்லை. மென்பொருளில் அந்த வசதி இருப்பதே அதற்காகத்தான். ஆனால் அந்தப் பத்து வெட்டும் ஆற்றைப் பற்றிப் புதிதாக ஒரு தகவலைக்கூடச் சொல்லவில்லை. அறிக்கையில் ‘ஆற்றில் இத்தனை குறுக்குவெட்டுகள்’ என்று ஒரே எண்ணாக எழுதிவிட்டால், எத்தனை அளந்தவை, எத்தனை முளைத்தவை என்று படிப்பவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லி ஒரு விதி வந்தால் நல்லது.

நடுவில் ஒரு பொங்குமாங்கடல் இருந்தால்?

குற்றாலம் பேரருவியைப் பார்த்தவர்களுக்குப் பொங்குமாங்கடல் தெரியும். மேலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. பாறையில் குடைந்த ஆழமான குழி ஒன்றில் முதலில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து, அதன் பிறகுதான் நம் தலையில் விழுகிறது. அந்தக் குழி இல்லையென்றால் பேரருவியில் யாரும் நின்று குளிக்க முடியாது.

இப்போது அருவியின் உச்சியில் ஓர் அளவு, அடியில் ஓர் அளவு மட்டும் எடுத்து, நடுவே நூல் கட்டிப் பாருங்கள். சரிவான ஒரு பாறைதான் கிடைக்கும். பொங்குமாங்கடல் காணாமல் போய்விடும். அருவிக்கு யாரும் இப்படிக் கணக்குப் போட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் கீழே ஆற்றில் இதே காரியம் சத்தமில்லாமல் நடக்க முடியும்.

சிற்றாற்றின் குறுக்கே தென்காசிக்கு மேலும் கீழுமாக அடுத்தடுத்துத் தடுப்பணைகள். ஒவ்வொன்றில் இருந்தும் ஒரு கால்வாய், ஒவ்வொரு கால்வாய்க்கும் குளங்கள். மானூர் பெரியகுளம் வரை தண்ணீர் போவது இப்படித்தான். முன்னே சொன்ன கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: மேல் கோடு 120, கீழ்க் கோடு 118, நடுவில் 119. அந்த நடுவில் ஒரு தடுப்பணை இருந்து, அதன் தலை 121.5 மீட்டர் மட்டத்தில் இருந்தால்? இரண்டரை மீட்டர் சுவர் ஒன்று கணினியில் கரைந்துவிட்டது. நிஜத்தில் அந்தச் சுவரில் முட்டி, பின்னால் ஏறி, தெருவுக்குள் வரும் தண்ணீர், கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அணைக்கு மேலே இருக்கும் தெரு வரைபடத்தில் காய்ந்த நிலமாகத் தெரியும். வரைபடத்தை நம்பி அந்தத் தெருவில் யாரும் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள்.

தரைப்பாலங்களும் அப்படித்தான். ஆறு சேரும் இடங்கள் இன்னும் மோசம். வீரகேரளம்புதூர் அருகே அனுமன் நதி வந்து சேரும் இடத்தில், சேர்வதற்கு முன் உள்ள சிற்றாறு வேறு, சேர்ந்த பின் உள்ள சிற்றாறு வேறு. முன்னால் ஒரு கோடும் பின்னால் ஒரு கோடும் போட்டுவிட்டு நடுவே நூல் கட்டினால், இரண்டு ஆறும் இல்லாத மூன்றாவது ஓர் ஆறு கிடைக்கும். அனுமன் நதிக்கு மேலே மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை இருக்கிறது. கருப்பாநதியில் 72 அடி அணை இருக்கிறது. செங்கோட்டைப் பக்கம் 36 அடிக் குண்டாறு அணை, மழை பிடித்தால் சீக்கிரமே நிரம்பி வழியும். எந்த அணை எப்போது வழிகிறது என்பதைப் பொறுத்துச் சேருமிடத்தின் நிலவரமே மாறும். அங்கே கணக்குப் போட்டு நிரப்புவதற்கு இடமில்லை. அளக்கத்தான் வேண்டும்.

ஆக, எங்கே நூல் கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்பதுதான் முழு வித்தையும். நேராக, ஒரே அகலத்தில், மணலாக ஓடும் இடத்தில் 300 மீட்டருக்குக்கூட நிம்மதியாக நூல் கட்டலாம். தடுப்பணைக்கு முன்னால் ஒரு கோடு, அணையின் தலையில் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு கட்டாயம் வேண்டும். வளைவின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று வேண்டும். இதை அலுவலக மேசையில் இருந்து முடிவுசெய்ய முடியாது. எந்த மடுவில் மாடு குளிப்பாட்டலாம், எந்த மடுவில் கூடாது என்பது கரையில் வயல் வைத்திருப்பவருக்குத் தெரியும். மடை திறந்துவிடுகிற ஆளுக்கு அணையின் எந்தப் பக்கம் மண் மேடிட்டிருக்கிறது என்று தெரியும். கோடு போடுவதற்கு முன் இவர்களோடு அரை நாள் நடந்துவிட்டு வந்தால், பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

அளந்த பிறகும் மாறுகிற ஆறு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. அந்த ஊருக்கு மேலே, சீவலப்பேரியில்தான் சிற்றாறும் தாமிரபரணியில் கலக்கிறது. அடுத்த ஆண்டு டிசம்பரிலும் தென்காசி மாவட்டத்தில் கனமழை கொட்டி, குற்றாலம் அருவிகளில் காட்டாறாகத் தண்ணீர் இறங்கியது.

இப்படி ஒரு வெள்ளம் போனால் படுகை அதே இடத்தில் இருக்காது. ஒரு பக்கம் அரித்து, இன்னொரு பக்கம் மேடு போட்டுவிட்டுப் போகும். வெள்ளத்துக்கு முன் எடுத்த குறுக்குவெட்டும் பின் எடுத்ததும் கலந்து கிடக்கும் கோப்பில், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நூல் கட்டினால், எந்தக் காலத்திலும் இல்லாத ஆறு ஒன்று உருவாகும்.

சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி. பம்பாய், ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து ‘சி-ஃப்ளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை முறையை உருவாக்கின. தலைநகரத்துக்குக் கிடைத்த அக்கறை தென்காசிக்கும் வர வேண்டும் என்று கேட்பது நியாயம். அப்படிக் கேட்கும்போது, ‘மாதிரி வேண்டும்’ என்பதோடு ‘எந்தெந்த இடத்தில் அளந்தீர்கள், எந்த ஆண்டு அளந்தீர்கள்?’ என்றும் சேர்த்துக் கேட்கலாம். வரைபடத்தில் அளந்த கோடுகளை ஒரு நிறத்திலும், நிரப்பிய இடங்களை இன்னொரு நிறத்திலும் போட்டுக் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஆறு எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஊர்க்காரர் பார்த்துக்கொள்வார்.

சிற்றாற்றில் ஸ்டாஃபோடு இறங்க வசதியான காலம் மாசி முதல் வைகாசி தொடக்கம் வரைதான். வடகிழக்கு மழையின் தண்ணீர் வடிந்து, படுகையின் மணலும் பாறையும் வெளியே தெரியும் மாதங்கள். ஜூனில் சாரல் பிடித்துவிட்டால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். ஸ்டாஃப் பிடிக்கிறவர் கரையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.